ஆபரேஷனுக்கு முன் ஒரு கடிகாரம் வரையுங்கள்

ஒரு வட்டம் போட்டு, உள்ளே எண்களை எழுதி, மணி பதினொன்று பத்து காட்டும்படி முட்களை வரைய வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு வந்திருக்கும் 70 வயதுக்காரரிடம் இதைச் சொன்னால், ஸ்கூல் பிள்ளை வேலையாக இருக்கிறதே என்று சிரிப்பார். ஆனால் அந்த 'பதினொன்று பத்தில்' ஒரு பொறி இருக்கிறது. பத்து நிமிடத்தைக் காட்டப் பெரிய முள் 2-க்குப் போக வேண்டும். காதில் விழுந்ததோ 'பத்து'. மூளையின் முன்பகுதி தளர்ந்திருந்தால் கை நேராக 10-க்குப் போய்விடும். சொன்னதை நினைவில் வைப்பது, எண்களுக்கு இடம் பிரிப்பது, அவசரப்படும் கையை அடக்குவது என்று பல வேலைகளை இந்தச் சின்னப் படம் ஒரே மூச்சில் சோதித்துவிடுகிறது.

நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் சோதனைதான் இது. அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் இப்போது டிஜிட்டல் பேனாவாகவும் டேப்லெட்டாகவும் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை அறைக்கு வந்திருக்கிறது.

காரணம், டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் முடிந்தபின் அதிகம் வரும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. பெற்ற மகளைப் பார்த்து 'நீ யாரு' என்பார்; டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார்; நடு ராத்திரியில் வீட்டுக்குக் கிளம்பக் கட்டிலிலிருந்து இறங்குவார். இதாவது கண்ணில் படும். இன்னொரு வகையில் ஆள் சத்தமில்லாமல் கிடப்பார், கூப்பிட்டால் அரைக்கண் திறப்பார். 'பாவம், அசதி, தூங்கட்டும்' என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள், நர்ஸும் விட்டுவிடுவார். கவனிக்காமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். பலருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் டெலிரியம் வந்தவர்கள் மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்குகிறார்கள். பிற்பாடு நினைவாற்றல் சரிவதும் அவர்களிடையே அதிகம்.

யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உதவும் வலுவான அறிகுறிகளில் ஒன்று, ஏற்கெனவே உள்ள மறதி. அது பலருக்கு இருப்பதே தெரியாது. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றுக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 211 பேருக்கு 'மினி-காக்' என்ற எளிய சோதனை செய்தார்கள். மூன்று சொற்களை நினைவில் வைப்பதும் கடிகாரம் வரைவதும்தான் சோதனை. மறதி நோய் என்று மருத்துவர் சொன்னவர் இவர்களில் யாருமில்லை. ஆனாலும் 24 சதவீதம் பேர் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். அவர்களில் 21 சதவீதத்தினருக்கு ஆபரேஷனுக்குப் பின் டெலிரியம் வந்தது; மற்றவர்களில் 7 சதவீதம்தான். 2017-இல் வெளியான ஆய்வு இது.

மினி-காக் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மூன்று நிமிட வேலை, செலவு ஒரு தாள். அப்படியும் பெரும்பாலான இடங்களில் யாரும் செய்வதில்லை. இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ எடுத்து ஃபிட்னஸ் வாங்காமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். மூளையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நேரமில்லை, பழகிய ஆளில்லை, பெரியவரிடம் இதைக் கேட்கச் சங்கடம் என்று காரணங்கள் உண்டு.

டிஜிட்டல் கருவி நுழைவது இங்கேதான். லேஹி கிளினிக்கின் நரம்பு உளவியலாளர் டானா பென்னியும் எம்.ஐ.டி. பேராசிரியர் ராண்டல் டேவிஸும் உருவாக்கிய முறையில், பார்வைக்குச் சாதாரண பால்பாயிண்ட் பேனாதான். உள்ளே கேமரா, தாளில் பொடிப் புள்ளிகள். பேனா எங்கே இருக்கிறது என்பது வினாடிக்குச் சுமார் 80 முறை பதிவாகிறது. ஆகவே வரைந்து முடித்த படத்தோடு, வரைந்த விதமும் கிடைக்கிறது. எல்லா எண்ணும் எழுதியபின் முதல் முள்ளைப் போடுவதற்குமுன் எவ்வளவு நேரம் பேனா தாளைத் தொடாமல் நின்றது? நல்ல நினைவாற்றல் உள்ளவர்களே வரையும் நேரத்தைவிட யோசிக்கும் நேரத்தைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். நினைவு தளர்ந்தவர்களுக்கு அந்த யோசனை இன்னும் நீள்கிறது. பார்கின்சன் நோயாளியின் கடிகாரம் சிறுத்துப்போகிறது. தாளை மட்டும் பார்த்தால் இரண்டு கடிகாரங்களும் 'சரி' என்று தேறிவிடக்கூடும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பிரைஸ் குழுவினர், ஆபரேஷனுக்கு வரும் முதியவர்களிடம் இந்த டிஜிட்டல் கடிகாரத்தை வைத்து ஆராய்ந்துவருகிறார்கள்.

என்னைக் கேட்டால், கருவியின் கூர்மையைவிட, சோதனையை அன்றாடப் பழக்கமாக்குவதுதான் அதன் பெரிய உபயோகம். சோதனை மட்டும் யாரையும் காப்பாற்றாது; அதன்பின் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். மயக்கத்தின் ஆழத்தை மூளை அலைக் கருவியால் அளந்து மருந்தைக் குறைத்தால் டெலிரியம் குறையுமா என்று அமெரிக்காவில் 1,232 பேரிடம் பார்த்தார்கள். 2019-இல் வந்த முடிவு: அலைக் கருவி வைத்துப் பார்த்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, மற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கு. குறையவில்லை.

பலன் தந்தவை மிகச் சாதாரணமானவை. கண்ணாடி, காது மெஷினைக் கண் விழித்ததும் மாட்டிவிடுவது, சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, இரவில் ஊசி போட எழுப்பாமல் தூங்கவிடுவது. ஷாரன் இனூயி குழு யேலில் 852 முதியவர்களிடம் இதைச் செய்து 1999-இல் வெளியிட்டது. அது ஆபரேஷன் வார்டு அல்ல, பொது மருத்துவ வார்டு. அங்கே டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9-ஆக இறங்கியது. மதிப்பெண் குறைந்தவருக்கு இந்தக் கவனிப்பை முதல் நாளிலிருந்தே தரலாம். டயாஸிபாம் வகை மருந்துகளைத் தவிர்க்கலாம். குடும்பத்தை எச்சரித்து, பழகிய முகம் ஒன்று கட்டிலருகே இருக்கும்படி செய்யலாம். ஆபரேஷனையே ரத்துசெய்ய அந்த மதிப்பெண் காரணமாகக் கூடாது.

மதிப்பெண் நோயின் பெயரும் அல்ல. கை நடுக்கம், கண்புரை, எலும்பு முறிந்த வலி, முதல்நாள் பயம் எல்லாம் அதைக் கெடுக்கும். பள்ளிக்கூடம் போகாத, பேனாவே அதிகம் பிடிக்காத பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொல்வது நியாயமே இல்லை. இதற்காகவே கேரளத்தில் படங்களைக் காட்டி நினைவை அளக்கும் சோதனை ஒன்றை உருவாக்கி 2012-இல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பட்டதாரிகளை வைத்துப் பழக்கிய மென்பொருளை அப்படியே இங்கே இறக்கினால், படிப்பறிவின்மை மறதியாகப் பதிவாகும்.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நாள் குறித்திருந்தால், ஆறு மாதமாகச் சொன்னதையே சொல்கிறார், பணம் எண்ணத் தடுமாறுகிறார் என்பதை மயக்க மருந்து நிபுணரிடம் தனியாகச் சொல்லிவிடலாம். பெரியவர் எதிரில் வேண்டாம். தினம் போடும் தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, மதுப் பழக்கம் மூன்றையும் மறைக்கக் கூடாது. தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து திடீரென்று நிறுத்தினால், அதனாலேயே இதே குழப்பம் வரக்கூடும்.