ஒன்றும் மிச்சம் வைக்காத தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்கும். ஒன்று ஆற்றுத் தண்ணீர், இன்னொன்று போர் தண்ணீர். பருப்பு வேகவைக்க எதை எடுப்பது, துணி அலச எது போதும் என்பது அங்கே சமையலறையில் நிற்கிற யாருக்கும் தெரியும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பும் லேசில் குழையாது. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடுகிறது.

இப்போது அதே போர் தண்ணீருக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. தேனி, போடி, சின்னமனூர், கம்பம் கடைத்தெருக்களில் துணிக்கடையும் நகைக்கடையும் மருத்துவமனையும் கண்ணாடி முகப்போடு எழும்புகின்றன. வீட்டு மாடிகளிலும் தோட்டத்து மோட்டார் அறைகளுக்குப் பக்கத்திலும் சோலார் தகடுகள் வந்துவிட்டன. இவற்றையெல்லாம் கழுவியாக வேண்டும். போர் தண்ணீரை அடித்துக் கழுவினால் ஈரமாக இருக்கும்வரை கண்ணாடி பளபளக்கும். வெயில் பட்டுக் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். தூசி போய், அதன் இடத்தில் கல் வந்து உட்கார்ந்திருக்கும்.

கல் என்பது உண்மையிலேயே கல்தான். ஆற்றுத் தண்ணீர், அதாவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், காட்டில் பெய்து, அணையில் தேங்கி, 1895-லிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி லோயர் கேம்ப் வந்து சேர்கிறது. பாறையோடு அதற்குப் பழக்கம் குறைவு, கரைத்துக்கொள்ள நேரமும் குறைவு. போர் தண்ணீரின் கதை வேறு. மண்ணுக்குள் இறங்கும் மழை, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பிறகு இந்த வட்டாரத்தின் நைஸ், சார்னோகைட் பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கால்சியத்தையும் சோடியத்தையும் சிலிக்காவையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. நடுவே சுக்கான் அடுக்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். மழை மறைவில் கிடக்கும் ஆண்டிபட்டிப் பக்கம் போல ஆவியாவது அதிகமாகவும் மழை குறைவாகவும் உள்ள நிலத்தில் இந்த உப்பு மேலும் அடர்கிறது.

எவ்வளவு உப்பு இருக்கும்? குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, கரைந்த மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் 1000 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் 50 மில்லி தண்ணீர் படலமாக ஒட்டிக் காய்ந்தால் அதில் 50 மில்லிகிராம் உப்பு தங்கும். 20 சதுர மீட்டர் முகப்புக்கு ஒரு கிராம். ஒவ்வொரு முறை கழுவும்போதும் அந்த ஒரு கிராம் புதிதாக வந்து சேரும்.

அந்த ஒரு கிராமும் சீராகப் பரவினால் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் அது விளிம்பு கட்டிக்கொள்கிறது. சொட்டு ஒன்று காயும்போது அதன் ஓரம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். ஓரத்தில்தான் ஆவியாதல் வேகம். அங்கே குறைவதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடிவரும், வரும்போது தன்னிடம் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். காப்பிக் கறை வளையமாக விழுவதற்கும் இதுவே காரணம் என்று 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் விளக்கினார்கள். காய்கிற நேரத்தில் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாக மாறுகிறது. திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் துளை வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைப் பொருக்கும் இதுதான். அதன்மேல் ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். கண்ணாடியில் படிந்த சுண்ணாம்பையும் எலுமிச்சைச் சாறு கரைத்துவிடும். கூடவே படிந்த சிலிக்காவை அது அசைக்காது. நாள்பட்டால் சிலிக்கா கண்ணாடியோடு கண்ணாடியாகவே ஆகிவிடும், ஏனென்றால் கண்ணாடியின் உடம்பே சிலிக்காதான்.

இதற்குப் பழைய தீர்வு, தண்ணீரைக் காயவிடாமல் ரப்பர் வைப்பரால் இழுத்து எடுத்துவிடுவது. கை எட்டும் இடத்துக்கு இன்றும் அதைவிடச் சிறந்த வழி கிடையாது. மூன்றாவது மாடிக்கு என்ன செய்வது? சாரம், கயிறு, தொட்டில் என்று மனிதர் தொங்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்பு விதிகள் 2005-இல் வந்த பிறகு, தரையில் நின்றபடியே நீளக் கம்பால் கழுவும் முறை அங்கே வேகமாகப் பரவியது. கம்பின் நுனியில் பிரஷ், பிரஷிலிருந்து தண்ணீர். தேய்த்து அலசிவிட்டு அப்படியே விட்டுவிடலாம், துடைக்கவே வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தத் தண்ணீர் காயும்போது எதையும் விட்டுச் செல்லக் கூடாது.

தெளிந்த தண்ணீர் எல்லாம் தூய தண்ணீர் ஆகிவிடாது. கலங்கிய நீரைத் தெளிய வைக்க நம் முன்னோர் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசினார்கள். மிதக்கும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். அருமையான நுட்பம். ஆனால் கரைந்த உப்பு துகளாக மிதப்பதில்லை. அது அயனிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு அயனியும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு திரிகிறது. கொட்டைக்கும் துணிக்கும் மணலுக்கும் அது அகப்படாது.

அதை அகப்படுத்திய சவ்வுக்குப் பின்னால் நம்மவர் ஒருவர் இருக்கிறார். இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோபும் 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கடல்நீரை அழுத்தித் தள்ளி உப்பை நிறுத்தும் சவ்வைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை கிடைத்த செல்லுலோஸ் அசிடேட் படலங்கள் உப்பை நிறுத்தின, தண்ணீரையும் கிட்டத்தட்ட நிறுத்தின. அவர்கள் உருவாக்கிய சவ்வில் மேல்தோல் மட்டும் மிக மெல்லியதாக, அடர்த்தியாக இருந்தது. கீழ்ப்பகுதி பஞ்சு மாதிரி வெறும் தாங்கல். உப்பைத் தடுப்பது அந்த மெல்லிய தோலின் வேலை மட்டுமே என்பதால் தண்ணீர் வேகமாகக் கடந்தது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இந்த முறையில் உவர்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று தெருவுக்குத் தெரு கேன் தண்ணீர் தருகிற ஆர்.ஓ. எந்திரங்கள் அந்தக் கண்டுபிடிப்பின் வம்சம்தான். சௌரிராஜனின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் பெரிதாக ஒலிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நல்ல ஆர்.ஓ. சவ்வு உப்பில் ஏறக்குறைய 97 விழுக்காட்டைத் தடுத்துவிடும். 1000 உள்ளே போனால் வெளியே 30 வரும். குடிப்பதற்கு அது தாராளம், கண்ணாடிக்குப் போதாது. மிச்சம் இருக்கும் 30-ஐ எடுப்பதற்குத்தான் ரெசின்.

இந்த இடம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. ரெசின் என்பது மீன் சினை போலச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். இரண்டு வகை மணிகளைக் கலந்து ஒரு உருளையில் நிரப்பியிருப்பார்கள். முதல் வகை மணி, தன் மேல் ஹைட்ரஜன் அயனிகளைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். கால்சியமோ மக்னீசியமோ சோடியமோ அருகில் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடும். இரண்டாவது வகை குளோரைடையும் சல்ஃபேட்டையும் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். விடுபட்ட ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் அங்கேயே சேர்ந்துவிடுகின்றன. சேர்ந்து என்ன ஆகின்றன? தண்ணீர்! உப்பு போன இடத்தில் தண்ணீரே வந்து நிற்கிறது. மெக்கானிக் கடையில் இன்வெர்ட்டருக்கு வாங்கும் ‘பேட்டரி தண்ணி’ பெரும்பாலும் இந்த வழியில் வருவதுதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை மண் எப்போதோ செய்துகொண்டிருந்தது. 1850-இல் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர், மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் உரக் கரைசலை ஊற்றியபோது கீழே கால்சியம் வந்ததைப் பதிவுசெய்தார்கள். அம்மோனியத்தை மண் பிடித்துவைத்துக்கொண்டது. சின்னமனூர் வாழைத் தோட்டத்தில் போட்ட உரம் அடுத்த மழையிலேயே அடித்துப் போகாமல் கொஞ்சம் தங்குவது இந்தக் குணத்தால்தான். 1935-இல் ஆடம்ஸும் ஹோம்ஸும் அதே குணத்தைச் செயற்கை ரெசினுக்குக் கொடுத்தார்கள். உடைந்த கிராமபோன் இசைத்தட்டைப் பொடித்துப் பார்த்ததில் தொடங்கிய ஆராய்ச்சி அது என்று சொல்வார்கள்.

ரெசினுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. கலப்பு ரெசின் ஒரு லிட்டர், தோராயமாக 25 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான உப்பைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் இருக்கிற உருளைக்குள் 1000 உப்புள்ள போர் தண்ணீரை நேராக விட்டால் 625 லிட்டரில் களைத்துவிடும். ஆர்.ஓ. தாண்டி 30-ஆக வந்த தண்ணீர் என்றால் 20,000 லிட்டர் ஓடும். செலவின் கணக்கு முழுதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

மற்றவை எல்லாம் தேனியில் கிடைக்கிற சாமான்கள்தான். ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டியில் சின்டெக்ஸ் டேங்க், திராட்சைக்கு மருந்தடிக்கிற மாதிரி 12 வோல்ட் பம்ப், ஓஸ், கம்பு, பிரஷ். எந்திரத்தில் முதலில் வண்டல் ஃபில்டர், அடுத்துக் கரி ஃபில்டர், பிறகு சவ்வு, கடைசியில் ரெசின். கரி ஃபில்டரை மறந்தால் நகராட்சித் தண்ணீரின் குளோரின் சவ்வைத் தின்றுவிடும். ரெசினுக்கு அப்புறம் இரும்பு, பித்தளை இணைப்பு வேண்டாம், எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தூய தண்ணீர் உலோகத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும்.

கம்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். எடை குறைவு என்று கார்பன் ஃபைபர் கம்பு விற்கிறார்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம் கடைத்தெருவில் மின்கம்பி கட்டடத்தின் நெற்றியை ஒட்டிப் போகிறது. கண்ணாடி இழைக் கம்பு கனமானது என்றாலும் அதுவே மேல். அதுவும் ஈரமாகவும் அழுக்காகவும் இருக்கும்போது காப்பு என்று நம்பிக் கம்பிக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. சோலார் தகடுகளைக் காலையில் சூடு ஏறும் முன்பே கழுவிவிட வேண்டும். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். அலசி முடிப்பதற்குள் அழுக்கு நீரும் காய்ந்துவிடும்.

தூய்மையை அளப்பதற்கு, கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனா இருக்கிறது. அது உப்பை எண்ணுவதில்லை, மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பை ஊகிக்கிறது. மாசே இல்லாத தண்ணீர் மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தாது. இதை வைத்து ஊருக்குள் ஒரு ஏமாற்றும் நடக்கிறது. ஃபில்டர் விற்க வருகிறவர் இரண்டு டம்ளரில் மின்கம்பிகளை இறக்குவார். உங்கள் வீட்டுத் தண்ணீர் பழுப்பாகக் குழம்பும், அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தப் பழுப்பு தண்ணீரின் அழுக்கு அல்ல, கம்பியிலிருந்து கரைந்த இரும்பின் துரு. உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து இரும்பு கரைகிறது, அவ்வளவுதான். நல்ல குடிநீரும் அப்படித்தான் குழம்பும்.

பேனாவின் கண்ணில் படாத ஒன்றும் இருக்கிறது. சிலிக்கா பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமல் கரைந்திருப்பதால் பேனா பூஜ்யம் காட்டும்போதே அது உள்ளே இருக்கக்கூடும். ரெசின் களைக்கத் தொடங்கும்போது முதலில் நழுவி வருவதும் சிலிக்காதான். அதனால் பேனாவோடு ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சொட்டு விட்டு நிழலில் காயவைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இனி, கழிவுநீர். ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்குகிறது. 1000 உப்புள்ள தண்ணீரில் பாதியைத் தூய்மையாக எடுத்தால் மறுபாதி 1970-க்கு ஏறும். முக்கால்வாசி எடுத்தால் மிஞ்சுவது 3900-ஐத் தாண்டும். உப்பு 500-க்குக் கீழே உள்ள இடத்தில் ஆர்.ஓ. எந்திரத்தைத் தடைசெய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது இந்த வீணடிப்பைப் பார்த்துத்தான். ஒதுக்கிய தண்ணீரைத் தென்னை மூட்டிலோ போர்வெல் பக்கத்துக் குழியிலோ விடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த உப்பு மறுபடி அதே நிலத்தடி நீருக்குத்தான் போகும். கழிப்பறைக்கும் தரை கழுவவும் அது ஆகும். கண்ணாடியின் முதல் தூசியை அதிலேயே கழுவி, காய்வதற்குள் தூய தண்ணீரால் அலசிக்கொள்ளலாம்.

ஆர்.ஓ.வே தேவைப்படாத தண்ணீர் ஒன்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. தூசியைக் கழுவிப் போகும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிடித்த கூரைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அது 20 என்று இருந்தால், மேலே சொன்ன அதே 25 லிட்டர் ரெசின் 31,000 லிட்டருக்கு உழைக்கும். ஒரு சொட்டுகூட ஒதுக்க வேண்டியதில்லை. மூடிய டேங்கில் பாசி படராமல் வைத்திருந்தால் ஐப்பசி மழையைப் பங்குனித் தூசிக்குப் பயன்படுத்தலாம்.

ஆகவே இந்த வட்டாரத்தில் கண்ணாடி கழுவும் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் எந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம். பேனாவை எடுத்துக்கொண்டு, கைக்கு எட்டுகிற எல்லாத் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வீட்டுக் குழாய், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு, மாடிக் கூரை. நூறுக்குக் கீழே காட்டுகிற ஒன்று கிடைத்தால் வடிகட்டிக்கு அடுத்து நேராக ரெசின் போதும். அதற்கு மேலே போகப் போகத்தான் சவ்வு லாபம். அப்போதும், ஒதுக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று முடிவுசெய்த பிறகே அதை மாட்டுங்கள்.