தகரத்திலும் சாக்கிலும் ஒரு தோட்டம்

கோலார் தங்கவயலுக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன மொட்டையாய் நிற்கும் மணற்குன்றுகள். அவை இயற்கை தந்த குன்றுகள் அல்ல. பூமியின் ஆழத்திலிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கழிவு அது. ஊரார் அவற்றைச் சயனைடு மேடு என்பர். அம்மேடுகளைக் கண்ணெதிரே கொண்ட மாரிகுப்பத்தில் வீட்டுத் தோட்டம் போடுவது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம்மவர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இங்கு வந்து குடியேறின. அவர்களுக்கென எழுந்தவையே லைன் வீடுகள்: ஒன்றையொன்று ஒட்டிய சிறு வீடுகள், வாசலில் சில அடி இடம், அவ்வளவுதான். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்று முதல் பல வீடுகளின் வருவாய், விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புவோரின் கூலியைச் சார்ந்தே இருக்கிறது. அத்தகைய வீட்டில் நாள்தோறும் ஒரு கட்டுக் கீரை மிச்சமானாலும் அது சிறு தொகை அன்று.

வாசல் மண்ணைக் கொத்தி விதைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தயங்க வேண்டும். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையக்கூடியது. ஆனால் பாறையிலேயே கலந்திருந்த ஆர்செனிக் முதலிய தனிமங்கள் சிதைவதில்லை. மேட்டிலிருந்து காற்றோடும் மழைநீரோடும் வந்து படிந்த துகள் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. ஆகவே பிற ஊர்களில் இடமின்மையால் கைக்கொள்ளும் தொட்டித் தோட்டம், மாரிகுப்பத்தில் வேறொரு காரணத்தாலும் ஏற்றது. தொட்டியில் வளர்ப்பவர் தமக்கு வேண்டிய மண்ணைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் அன்றோ!

மேடுகளுக்குத் தொலைவில், பயிர் செழித்து வரும் நிலத்துச் செம்மண் இரண்டு பங்கு. நன்றாக மக்கிய சாண எரு அல்லது ஆட்டெரு ஒரு பங்கு. மண் இறுகாமலிருக்கத் தென்னை நார்க்கழிவு அல்லது மக்கிய கடலைத்தோல் ஒரு பங்கு. இவற்றுடன் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலந்தால் போதும். மணல் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆயினும் மேட்டு மணலை ஒருபோதும் அள்ளி வராதீர்கள். விலையின்றிக் கிடைக்கிறது, பார்வைக்கும் நைசாக இருக்கிறது என்று எண்ணுவது இயல்பே. அது நஞ்சு என்பது ஒருபுறமிருக்க, நீர்பட்டால் சிமெண்டைப்போல் இறுகி வேரை நெரித்துவிடும்.

தொட்டிக்குக் காசு செலவழிப்பது வீண். அரிசிச் சாக்கு, சமையலெண்ணெய்த் தகரம், விரிசல் கண்ட குடம், உடைந்த வாளி ஆகிய எல்லாம் உதவும். அடியில் நான்கைந்து துளையிட்டு, துளைகளின்மேல் ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, செங்கல்மீது உயர்த்தி வைக்க வேண்டும். பெயிண்ட், பூச்சிமருந்து, இயந்திர எண்ணெய் இருந்த தகரங்களையும், முன்பு என்ன இருந்ததென்று தெரியாத பழைய பீப்பாய்களையும் விலக்குக. கூரைமேல் ஏற்றவும் வேண்டாம். ஈரமண்ணின் பாரம் பழைய ஓட்டையும் தகட்டையும் உடைத்துவிடும்.

எதை வளர்ப்பது? பலரும் முதலில் நடுவது தக்காளி. என் கருத்து வேறு. கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பேர்பெற்றது. வரத்து மிகுந்த நாளில் அது மலிவாகவே கிடைக்கும். 2023 ஜூலையில் நாடெங்கும் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது மெய்யே. அத்தகைய மாதங்களுக்காக ஒரு செடி இருக்கட்டும். மற்ற இடத்தைக் கீரைக்குத் தருக. கீரைக்கு ஆறங்குல ஆழ மண் போதும். சமையலறைத் தனியாவை இரண்டாக உடைத்து விதைத்தாலே கொத்தமல்லி முளைக்கும், வெந்தயத்தை உடைக்காமலே விதைக்கலாம். குளிர் மிகுந்த ஐப்பசி முதல் மாசி வரை இவ்விரண்டும் நன்கு வரும். முளைக்கீரை நான்கு வாரத்தில் பறிக்கத் தயாராகும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா சுகுணா என்னும் கீரை வகையைக் கிள்ளக் கிள்ள மீண்டும் தழைக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஓரடி ஆழ மண்ணும் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும் வேண்டும். மூன்று மிளகாய்ச் செடிகள் ஒரு சிறு குடும்பத்திற்குப் பெரும்பாலும் போதும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு தங்கவயலுக்குப் பழகிய துன்பம். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் ஆகியவற்றை மாலையில் வேரடியில் ஊற்றுக. சோப்பு நீர் ஆகாது. மண்மேல் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நீடிக்கும். அசுவினி கண்டால், ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொட்டி வேரைத்தான் காக்கும், இலையைக் காக்காது. காற்று வீசும் நாளில் மேட்டுத் தூசு பறந்து வந்து கீரைமீது படியும். மேட்டுக்கு எதிர்முகமான வீட்டார், காற்றுப் புறத்தில் பழைய சேலையைத் திரையாகக் கட்டுவது நலம். பறித்த கீரையை மூன்று முறை புது நீரில் அலசியே அரிய வேண்டும். தூசு மிகுந்த வாசலாயின் கீரையை விட்டு, எளிதில் கழுவித் துடைக்கக்கூடிய மிளகாய், கத்தரி, வெண்டை இவற்றோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

மும்பையிலும் பிற நகரங்களிலும் பழைய பட்டறை, சாயச்சாலை அருகே குடியிருக்கும் தமிழன்பர்களும் இதே முறையைக் கையாளலாம். முதற்பருவத்தில் மூன்று சாக்குகளுக்கு மேல் வேண்டாம். வைகாசி முடிவில் மண்ணைக் கலந்து நிரப்பி, பத்து நாள் நீர் தெளித்து ஆறவிட்டு, முதல் மழையோடு முளைக்கீரை விதையைத் தூவுங்கள்.