பரம்பரை என்று சொல்லிக் காலத்தைக் கடத்தாதீர்கள்

மூன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத குழந்தையை அழைத்து வருகிறார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்றால், "இவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினார், டாக்டர்" என்கிறார்கள். தனக்குத்தானே பேசிச் சிரித்து, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த இளைஞனை நான்கு வருடம் கழித்துக் கொண்டுவரும் குடும்பமோ, "தாத்தா வழியில இருக்கு, நாம என்ன பண்ண முடியும்?" என்கிறது. இன்னொரு பக்கம், "வளர்த்த லட்சணம் சரியில்லை" என்று பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உறவினர்கள். இரண்டு பேச்சிலும் வீணாவது குழந்தையின் காலம்தான்.

மரபணு தீர்ப்பு எழுதுவதில்லை

மனச்சிதைவு நோய் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு பத்து சதவீதம் அளவுக்கு உயர்கிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு ஏறக்குறைய பாதி வாய்ப்பு. மரபுக்குப் பங்கே இல்லையென்றால் ஒன்று ஐம்பதை நோக்கி ஏறியிருக்காது; மரபு மட்டுமே காரணமென்றால் அது ஐம்பதோடு நின்றிருக்காது. மீதியைச் சூழல் முடிவு செய்கிறது. மனச்சிதைவு உள்ள தாய்மார்களின் குழந்தைகள் வேறு வீடுகளில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்ததைப் பின்லாந்தில் தியெனாரி என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சச்சரவு மிகுந்த வீடுகளில் வளர்ந்தவர்களிடம் நோய் கூடுதலாகத் தென்பட்டது. இணக்கமான வீடுகளில் வளர்ந்தவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. முழுக்க மரபணுக் கோளாறான பீனைல்கீட்டோனூரியாவைக்கூட, பிறந்த சில வாரங்களிலேயே கண்டறிந்து உணவைக் கட்டுப்படுத்தினால் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைத் தடுத்துவிடலாம். பரம்பரை நோய்க்கு வைத்தியமே இல்லை என்பது வெறும் சோம்பல் பேச்சு.

பெற்றவளைப் பழிக்காதீர்கள்

ஆட்டிசத்துக்குத் தாயின் பாசமின்மையே காரணம் என்று மேலை நாட்டு நிபுணர்களே நம்பிய காலம் உண்டு. 1960களில் புரூனோ பெத்தல்ஹைம் இதைப் பரவலாகப் பேசினார். எத்தனையோ தாய்மார்கள் குற்ற உணர்வில் வெந்தார்கள். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற ஆய்வாளர்கள் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் பிறந்த 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. மரபின் பங்கு வெளிச்சத்துக்கு வந்தது.

அப்படியானால் வளர்ப்புக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆதரவற்றோர் விடுதிகளில் வாழ்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவுத்திறனில் விடுதியில் தங்கியவர்களை முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களின் முன்னேற்றம் இன்னும் அதிகம். அன்பும் பேச்சும் மூளைக்கு உணவு. அவை உரிய வயதில் கிடைக்க வேண்டும்.

"ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதானே வளர்த்தோம், சின்னவனுக்கு மட்டும் ஏன்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. உடன்பிறந்தவர்கள் மரபில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். சூழலும் ஒன்றல்ல. கருவிலிருந்தபோது தாய்க்கு வந்த தொற்று, பிரசவத்தில் ஏற்பட்ட மூச்சுத்திணறல், அப்பா குடிக்கத் தொடங்கிய வருடம், பள்ளியில் பட்ட அவமானம் என ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது.

வசம்பும் தாலியும் மருந்தல்ல

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வராது, வாந்திதான் வரும். ஒரு வயதுக்குள் தேன் தடவுவதும் ஆபத்து: அதனால் வரும் பாட்டுலிசம் தசைகளை முடக்கி உயிருக்கே உலைவைக்கும். "கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று மனநோயை மறைத்துக் கல்யாணம் செய்வது இரண்டு வாழ்க்கையைக் கெடுக்கும் வேலை. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, அண்ணனுக்கு எழுதிய மாத்திரையை "ஒரே ரத்தம்தானே" என்று தம்பிக்குக் கொடுப்பது. ரத்தம் ஒன்றாக இருந்தால் நோயும் அளவும் ஒன்றாகிவிடுமா?

எப்போது வர வேண்டும்?

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட வராவிட்டால், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் உடனே வாருங்கள். இளைஞர்களிடம் தூக்கக் கேடு, காரணமற்ற சந்தேகம், காதில் குரல் கேட்பது தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். கேள்திறன், தைராய்டு, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை செய்யப்படும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நெருங்கிய சொந்தத்தில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சில அறிவு வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு இது வழி திறக்கிறது. சொத்துக்காகவும் சொந்தத்துக்காகவும் பிள்ளைகளைப் பணயம் வைக்காதீர்கள். கர்ப்பத்தில் அயோடின் உப்பைத் தவிர்க்காதீர்கள். இரண்டு வயதுக்குள் கையில் போனைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் குழந்தையிடம் பேசுங்கள். குடும்பத்தில் மனநோய் இருந்தால் பிள்ளைகள் கஞ்சாவின் பக்கமே போகாமல் பாருங்கள். நேரில் வரத் தயக்கமா? 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். மற்றவர்களுக்கு நோய் சொல்லாமல் வருகிறது. பரம்பரையில் இருப்பது தெரிந்த உங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு முன்னால் வர வேண்டியவர்கள் நீங்கள். தயவுசெய்து கடைசியாக வராதீர்கள்.