இரவில் எடுக்கும் நகலும் காலையில் வரவேண்டிய கடிதமும்

நூல் வழங்கிய கணக்கு, கூலிப் பட்டுவாடா, பயிர்க்கடன் பாக்கி, பங்குத்தொகை ஆகிய யாவும் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. சொந்தமாகச் சர்வர் வைத்திருக்கும் சங்கங்களில், இக்கணக்குகளுக்கு நாள்தோறும் தானாகவே நகல் எடுக்கும் ஏற்பாடும் செய்யப்படுவதுண்டு. ஏற்பாடு இருப்பதனால் நகலும் இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் சர்வரின் வட்டு பழுதுற்றுக் கிடந்தது. "கவலை வேண்டாம், தினந்தோறும் நகல் எடுத்து வருகிறோம்" என்றார் காரியதரிசி. நகல் கோப்புகளும் தேதிவாரியாக வரிசையாகவே இருந்தன. ஆனால் கடைசி நான்கு மாதங்களின் கோப்பு ஒவ்வொன்றும் 20 பைட் அளவே இருந்தது. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியவர், நகல் எடுக்கும் ஸ்கிரிப்டில் அதனை மாற்ற மறந்துவிட்டார். நான்கு மாதக் கூலிக் கணக்கை நெசவாளர்களின் பாஸ் புத்தகங்களைத் திரட்டி மறுபடி எழுத நேர்ந்தது. புத்தகத்தைத் தொலைத்துவிட்ட முதியவர் ஒருவர், தம் சிக்கன நிதிப் பிடித்தம் இவ்வளவு என்று நினைவிலிருந்தே சொன்னார். நிர்வாகக் குழு அதனை ஏற்றுக்கொண்டது. வேறு வழியும் அதற்கில்லை.

அந்த 20 பைட் எவ்வாறு வந்தது? கணக்கை வெளியே எடுப்பது ஒரு நிரல். எடுத்ததைச் சுருக்கிக் கட்டும் ஜிஸிப் மற்றொரு நிரல். முன்னது தோற்றாலும், பின்னது தன்னிடம் வந்த வெறுமையைச் செவ்வனே சுருக்கி, 20 பைட் கோப்பாக்கி, வேலை முடிந்தது என்று அறிவித்துவிடும். லினக்ஸில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவே மொத்தத்தின் முடிவாகக் கொள்ளப்படுகிறது. பாஷ் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'பைப்ஃபெயில்' என்னும் விதியை இட்டுவிட்டால், இடையில் எது தோற்றாலும் முழுவதும் தோல்வி என்றே பதிவாகும். ஒரு வரி வேலைதான்.

வேளையறிந்து ஸ்கிரிப்டை எழுப்புவது க்ரான் என்னும் நிரல். அதற்கு நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில் ஐந்து குறிகள் தரவேண்டும். '30 21 * * *' என்று எழுதினால் நாள்தோறும் இரவு 9.30 என்று பொருள். சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் இரவு நகல் என்பது வீண். தவறிய வேளையைக் க்ரான் பிறகு ஈடுசெய்வதில்லை. அதற்கு அனக்ரான் என்ற வேறொரு நிரல் உண்டு.

வேலை முடிவில் ஸ்கிரிப்ட் கூறுவதை, 'மெயில்டு' என்னும் வரியில் நாம் எழுதிவைத்த முகவரிக்குக் க்ரான் மின்னஞ்சலாக அனுப்பும். சர்வரில் அஞ்சல் அனுப்பும் நிரலும் இருந்தாக வேண்டும். அனுப்பினால் மட்டும் போதுமா? கிட்லாப் என்பது மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேர்த்துவைக்கும் புகழ்பெற்ற நிறுவனம். 2017 ஜனவரி 31 இரவு, அதன் பொறியாளர் ஒருவர் வேறொரு சர்வர் என்றெண்ணி, நடப்பிலிருந்த தரவுத்தளத்தின் கோப்புகளை நீக்கிவிட்டார். போனது சுமார் 300 ஜிகாபைட். அன்றாட நகலைத் தேடினால், அதற்குரிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பு; நகல் எடுக்கும் நிரலோ 9.2 ஆம் பதிப்பு. ஆகவே நகல் வேலை தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்க மின்னஞ்சல் ஏற்பாடும் இருந்தது. ஆயினும் அக்கடிதங்களுக்கு டிமார்க் என்னும் அனுப்புநர் சான்று இல்லாமையால், பெறும் சர்வர் அவற்றை ஏற்க மறுத்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காகக் கையால் எடுத்த பிரதி ஒன்று தற்செயலாக இருந்ததனால், இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது. இவை அனைத்தையும் அந்நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

தோல்வியுற்றால் மட்டும் கடிதம் வந்தால் போதாதா, தினமும் எதற்கு என்று காரியதரிசிகள் சிலர் கேட்கிறார்கள். செத்துப்போன சர்வர் கடிதம் எழுதாது. வெற்றிக்கும் கடிதம் வந்தால்தான், வராத நாள் கண்ணில் படும். கடிதத்தின் தலைப்பிலேயே தேதி, முடிவு, கோப்பின் அளவு மூன்றும் இருக்கட்டும். நேற்று 40 மெகாபைட், இன்று 20 பைட் என்றால் கணினி அறியாதவரும் கேள்வி கேட்பார். கணக்கர் ஒருவருக்கு மட்டுமன்றி, தலைவருக்கும் அது போக வேண்டும். கணக்கர் விடுப்பில் இருக்கும்போதுதான் வட்டு நிறைவது வழக்கம்! காலையில் ரொக்கப் புத்தகத்தைத் திறக்கும்போது, கடிதம் வந்ததா என்று ஒரு குறிப்பேட்டில் கையொப்பமிடுவது நல்ல பழக்கம்.

நகல் அதே அறையில் இருந்தால் தீயும் வெள்ளமும் இரண்டையும் கொண்டுபோகும். ஒரு பிரதி வெளியூரில், பூட்டுச்சொல்லிட்டு இருக்கட்டும். மாதம் ஒருமுறை, குழுக் கூட்டத்தன்று, அந்நகலை வேறொரு கணினியில் திறந்து, ஏதேனும் மூன்று அங்கத்தினரின் பாக்கியை அவர்களுடைய பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிறிய சங்கத்திற்கு இதற்கு அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது. எந்த மூவர் என்பதைக் கணக்கர் தேர்ந்தெடுக்காமல், கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தினர்களே சொல்லட்டும்.