மரம் வெட்ட கூலி எகிறுவது ஏன்? ரேட் பேசும்போது இதையெல்லாம் கேளுங்க!

சென்னை:

வடகிழக்கு பருவமழை நெருங்கினாலே சென்னையில் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு வயிற்றில் புளியை கரைக்க ஆரம்பித்துவிடும். 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி அடித்த வார்தா புயலை யாரும் மறக்கவில்லை. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. காம்பவுண்டு சுவர், கார், மின்கம்பம் என்று எதையும் அவை விட்டு வைக்கவில்லை.

சரி, காற்று வரும் முன்னே வெட்டிடலாம் என்று ஆளை கூப்பிட்டால், ரேட்டை கேட்டதும் மயக்கம் வராத குறைதான். ஒரே மரத்துக்கு ஒருவர் சில ஆயிரம் என்பார். அடுத்து வருகிறவர் அதைப்போல 3 மடங்கு கேட்பார்.

"என்னப்பா, ஒரு மரம் வெட்ட இவ்ளோவா?"

"வெட்டுறதுக்கு இல்ல சார், எறக்குறதுக்குத்தான் காசு."

தெருவுக்கு தெரு நடக்கிற பேரம் இது. அந்த பதிலில்தான் மொத்த கணக்கும் இருக்கிறது.

1 அடி துண்டு 80 கிலோ

வயக்காட்டில் நிற்கும் மரத்தை அடியில் அறுத்து சாய்த்து விட்டால் வேலை முடிந்தது. வீட்டு தோட்டத்தில் அது நடக்காது. ஒரு பக்கம் நம்ம வீட்டு சன்ஷேடு, மறுபக்கம் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவில் கேபிள் வயர். சாய்க்க இடமே கிடையாது. உச்சியில் இருந்து துண்டு துண்டாக வெட்டி, கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும்.

2 அடி குறுக்களவு உள்ள பச்சை அடிமரத்தில் வெறும் 1 அடி நீள துண்டே சுமார் 80 கிலோ இருக்கும். ஒரு ஆள் எடையை விட அதிகம். 10 அடி நீளம் என்றால் முக்கால் டன்னை தாண்டிவிடும். கயிறு நழுவினால் கீழே இருப்பது கூரையாக இருந்தாலும் சரி, ஆளாக இருந்தாலும் சரி, தாங்காது.

அதனால் ரேட்டை ஆள் கணக்கில் போட்டு பார்ப்பதுதான் சரி. மேலே ஏறி வெட்ட ஒருவர். கீழே கயிற்றை பிடித்து மெல்ல விட 2 பேர். இறங்கிய கிளையை இழுத்துப்போட்டு துண்டு போட ஒருவர். மொத்தம் 4 பேர். 2 நாள் வேலை என்றால் 8 ஆள் கூலி ஆச்சு. இதில் மரம் ஏறுகிறவர் கூலி மட்டும் எப்போதும் கூடுதல்தான். உயிரை பணயம் வைக்கிறவர் அவர்தானே. இதற்கு மேல் மிஷின் ரம்பம் வாடகை, பெட்ரோல், வண்டி செலவு தனி.

'பட்டுப்போன மரம்தானே, சீக்கிரம் முடிஞ்சிடும்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு கணக்கு. உளுத்துப்போன கிளை எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. கால் வைத்து ஏற முடியாது, கயிறும் கட்ட முடியாது. அந்த மாதிரி மரத்துக்கு கிரேன்தான் வழி. கிரேன் வந்தால் வாடகை மணிக்கணக்கில் ஓடும். கிரேன் நுழையாத சந்து என்றால் சாரம் கட்ட வேண்டும். ஆக, பச்சை மரத்தை விட பட்ட மரத்துக்கு செலவு கூடும்.

சண்டை எங்கே வருகிறது?

பேசிய தொகையில் எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை என்று கேட்காமல் விடுவதில்தான் பாதி சண்டை வருகிறது. மரம் இறங்கியதும் வாசலில் ஒரு லோடு தழை மலை மாதிரி கிடக்கும். 'குப்பை அள்ள தனி காசு' என்பார்கள். அதை தெருவோரம் தள்ளவும் கூடாது, கொளுத்தவும் கூடாது. குட்டி யானை எத்தனை நடை அடிக்க வேண்டும், அந்த வாடகை யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

அடிக்கட்டை இன்னொரு தலைவலி. தரை மட்டத்துக்கு அறுப்பது ஒரு வேலை. தூரோடு பிடுங்குவது வேறு வேலை, செலவும் வேறு. சம்ப், செப்டிக் டேங்க், சுவர் பக்கத்தில் இருந்தால் தூரை பிடுங்காமல் விடுவதே நல்லது. வேரோடு சேர்ந்து சுவரும் ஆட்டம் கண்டுவிடும். ஆனால் வேம்பு, தூங்குமூஞ்சி மாதிரி மரங்கள் கட்டையில் இருந்து மறுபடி துளிர்க்கும். அவ்வப்போது கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தென்னையில் அந்த தொல்லை இல்லை.

மரத்துக்கு விலை உண்டா என்றால், உண்டு. தேக்கு, வேம்பு, பலா போன்றவற்றில் நேரான அடிமரம் இருந்தால் வியாபாரியே கூலியில் கழித்துக்கொண்டு எடுத்து போவார். முருங்கை, குல்மொஹர் போன்றவற்றில் அந்த பேச்சே எடுக்க முடியாது. சந்தன மரம் சொந்த இடத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது. காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரமும் நம்முடையது அல்ல. சென்னையில் அதற்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்ல வேண்டும்.

முழுசா வெட்டணுமா?

இதை யோசிக்காமலேயே பலர் கோடாரியை கூப்பிடுகிறார்கள். அடியில் மண் மேலெழும்பி வெடித்திருந்தால், திடீரென ஒரு பக்கம் சாய ஆரம்பித்திருந்தால், அடிமரத்தில் காளான் பூத்திருந்தால் ஆபத்துதான். வேரை சுற்றி சிமெண்டு போட்டு மூடிய மரத்தையும் நம்ப முடியாது. இது எதுவும் இல்லை, கிளைதான் அடர்த்தி என்றால் கவாத்து செய்தாலே போதும். காற்று உள்ளே புகுந்து வெளியேறிவிடும். செலவும் குறையும், நிழலும் மிஞ்சும். ஆனால் தலையை மொட்டை அடிக்க விடக்கூடாது. வெட்டிய இடத்தில் கொத்தாக முளைக்கும் கிளைகளுக்கு பிடிமானம் இருக்காது. அடுத்த காற்றுக்கு அதுதான் முதலில் முறியும்.

குறைந்த ரேட் கேட்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். 'எத்தனை பேர் வருவீங்க, பெல்ட் இருக்கா, ஹெல்மெட் இருக்கா?' என்று கேளுங்கள். கயிறு பிடிக்க ஆள் குறைத்து, பெல்ட் இல்லாமல் ஆளை ஏற்றினால் ரேட் குறையத்தான் செய்யும். கீழே விழுந்தால் போவது ஒரு குடும்பத்தின் வருமானம். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றும் கேட்டு வைக்கலாம். மரத்தை ஒட்டி மின்சார கம்பி போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் யாரையும் ஏற விடாதீர்கள். ஈரமான பச்சை கிளை கம்பியில் பட்டாலே ஷாக் அடிக்கும்.

பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். பாதி மரத்தில் வேலையை நிறுத்திவிட்டு 'இன்னும் கொஞ்சம் போட்டு கொடுங்க' என்பது பழைய டெக்னிக். கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மீதியை தழையை அள்ளி வாசலை கூட்டிய பிறகு கொடுத்தால் போதும்.

புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று டி.வி.யில் சொன்ன பிறகு போன் போட்டால் ஆளும் கிடைக்காது, ரேட்டும் டபுள் ஆகிவிடும். வெயில் காலத்திலேயே பேசி முடித்தால் நிதானமாக பேரம் பேசலாம். மரத்தில் ஈரம் இல்லாததால் ஏறுகிறவருக்கும் கால் வழுக்காது.