எட்டாவது போல்ட்

"முப்பது வருடம் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்தவர், மலருக்கு ஏதாவது எழுதுங்களேன்" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். கதை, கவிதை எனக்கு வராது. கற்ற பாடம் ஒன்றைச் சொல்கிறேன்.

1986-ல் திருச்சியில் டிப்ளமோ முடித்த கையோடு ஜரியா நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தேன். பூமிக்கடியில் கரியிலிருந்து மீத்தேன் வாயு கசியும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். ஸ்விட்சைப் போட்டாலே பொறி பறக்கும் அல்லவா? அதனால் அங்கே ஸ்விட்சுகளைக் கனத்த இரும்புப் பெட்டிக்குள் வைப்பார்கள். 'ஃபிளேம்புரூஃப்' பெட்டி என்று பெயர்.

வாயு புகாதபடி அடைத்த பெட்டி என்றே நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. வாயு உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். அதைப் பெட்டி தாங்கிக்கொள்ள வேண்டும். மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் இழைத்த இரும்பு விளிம்புகள் உண்டு. நடுவிலுள்ள இடுக்கு எங்கள் பெட்டிகளில் அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதன் வழியே வரும் நெருப்பு இரும்பில் சூட்டை இழந்து அணைந்துவிடும். வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்காது.

"இடுக்கை ரப்பர் வைத்து அடைத்துவிட்டால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். வயதான பிகாரி மிஸ்திரி சிரித்தார். "வெடிப்பில் ரப்பர் பிய்த்துக்கொண்டு போய்விடும் சாப். அப்புறம் நெருப்புக்கு ராஜபாட்டைதான்."

ஓர் இரவு ஷிஃப்டில் பம்ப் ஸ்விட்சின் மூடியில் எட்டு போல்ட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "ஏழு இருக்கிறதே, ஓட்டுங்கள்" என்றேன். மிஸ்திரி மறுத்துவிட்டார். "வெடித்தால் மூடி அந்த மூலையில் வாய் பிளக்கும் சாப். 1965 மே 28-ல் என் அண்ணன் தோரி சுரங்கத்தில் இருந்தான்."

தோரி வெடிப்பில் மாண்டவர்கள் 268 பேர். எனக்குப் பேச்சு எழவில்லை. மேலே ஆள் அனுப்பி போல்ட் கொண்டுவந்து முடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காலையில் மானேஜர் கத்தினார். "நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றேன். மிஸ்திரி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் சொல்ல வேண்டும். சமையல் கேஸ் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். கனமான வாயு என்பதால் தரையோடு படியும். நம் சமையலறை ஸ்விட்ச் ஃபிளேம்புரூஃப் அல்ல. கேஸ் வாடை வந்தால் விளக்கைப் போடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம், அதிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

அவசரத்தில் எனக்கு ஏழு போல்ட் போதும் என்று தோன்றியது. எட்டாவதைக் கேட்க அன்று ஒருவர் இருந்தார். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.