மணிமேகலை சார்ந்த பௌத்தப் பிரிவு யாது?

மணிமேகலை ஒரு பௌத்த நூல் என்பதில் ஐயமில்லை. பௌத்தப் பிரிவுகளுள் எதனை அது சார்ந்தது என்பதிலேயே அறிஞர் வேறுபடுவர். தேரவாதம் என்பாரும், சௌத்திராந்திகம் என்பாரும், மகாயானம் என்பாரும் உளர். இவ்வினா நூலின் காலத்தையும் தொடர்வதாகலின், இருதிறத்தார் காட்டும் சான்றுகளையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அளவையைக் காண்போம். 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என்னும் அளவைகள் இரண்டே கொள்கின்றார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கின்றார். இப்பகுதி சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்துள்ளது. அந்நூல் திக்நாகர் மரபினது. திக்நாகர் ஏறத்தாழக் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டினர். ஆகவே, மணிமேகலையைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினதாகக் கொள்வார் இவ்வொப்புமைக்கு விடை கூறும் கடப்பாடுடையர்.

ஆயின், காலத்தை உணர்த்தும் சான்று பிரிவையும் உணர்த்தும் எனல் பொருந்தாது. நியாயப்பிரவேசத்திற்கு உரை கண்ட அரிபத்திரர் சைன ஆசிரியர் ஆவர். பிற சமயத்தாரும் எடுத்தாண்ட தருக்கக் கருவி ஒன்றைக் கொண்டு, அதனைக் கையாண்டார் இன்ன பிரிவினர் எனத் துணிதல் எங்ஙனம்?

இனி, 30ஆம் காதை பேதைமை முதலாகிய பன்னிரு சார்புகளை விளக்குகின்றது. இவை பௌத்தப் பிரிவுகள் அனைத்திற்கும் பொதுவாகலின் ஒன்றனைத் தெரிந்தெடுக்க உதவா. அக்காதை இறந்தகாலப் புத்தர் எண்ணிலர் என்பதுகொண்டு மகாயானம் என்பர் சிலர். முந்தைய புத்தர் பலர் என்னும் கொள்கை தேரவாதத்திற்கும் உரியதே. பாலிமொழிப் புத்தவம்சம் கௌதமருக்கு முற்பட்ட புத்தர் 24 பேரைக் கூறும்.

அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தல் போதிசத்துவ அருளைக் காட்டும் என்பாரும் உளர். ஆயின், காப்பியம் முடிவது மணிமேகலை தன் பவத்திறம் அறுக என நோற்பதிலேயாம். பிறர் துயர் களைதலும் தன் பிறப்பறுத்தலும் அவள்பால் ஒருங்கே நிற்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுரைத்தல் மற்றதனை மறைத்தலாகும்.

புறச்சான்றுகளும் ஒருமுகமாக இல்லை. சோழநாட்டுப் புத்ததத்தர் தேரவாத நூல்களைப் பாலியில் இயற்றினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளும் 10,000 துறவியரும் இருந்தமையையும், அவர்கள் ஸ்தவிர நெறி பயின்றமையையும் குறித்துள்ளார். 11ஆம் நூற்றாண்டு வீரசோழியமோ அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்கின்றது; இது மகாயானச் சார்பு. ஒரு நூற்றாண்டின் நிலையை மற்றொன்றின் மேல் ஏற்றுதல் ஆராய்ச்சி நெறியன்று.

எனவே, நாம் கொள்ளத்தக்க முடிபு இதுவே: மணிமேகலையின் அளவை திக்நாகர் மரபோடு ஒத்தது, அதன் அறம் பௌத்தர் அனைவர்க்கும் பொதுவானது, பிரிவை அறுதியிடும் அகச்சான்று நூலில் இல்லை. பிரிவுப்பெயர் ஒன்றனை முன்னரே துணிந்துகொண்டு நூலைப் பயில்வார், அப்பெயருக்கு ஒவ்வாத பகுதிகளைக் காணாது விடுவர். வஞ்சியில் சமயக் கணக்கர் பதின்மர் உரையையும் கேட்ட பின்னரே மணிமேகலை அறவணர்பால் அறம் கேட்டாள். அவள் வரலாற்றை ஆராய்வாரும் அம்முறையே கொள்ளல் தகும்.